ஜன்னலோரக் கட்டில்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. அது இன்று காலையே ஐஸ் பெட்டியில் என் மேசைக்கு வந்துவிட்டது. உன் காலிலிருந்து எடுத்த சீழ், ஒரு சின்ன பாட்டிலில். மேலே ஒட்டிய சீட்டில் உன் பெயர்கூட இல்லை. 'கட்டில் 5', தேதி, அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் அது. பெயர் தெரிந்தால் கை தவறும் என்பார் எங்கள் தலைவர். எனக்கு எண்ணே போதும்போல் இருக்கிறது.

போன் கூடாது என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். என் குரல் உடைந்தால் உனக்குக் காய்ச்சல் ஏறுகிறதாம்! சரி. பெட்டி எப்படியும் போகும், வரும். மூடிக்கு உள்பக்கம் கடிதம் வைப்போம்.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உடைந்த எலும்புக்கு வைத்த தகட்டில் குடியேறியிருக்கும் பாக்டீரியா, டாக்டர் கொடுத்த எந்த மருந்துக்கும் மசியவில்லை. ஆனால் அதற்கும் ஓர் எமன் உண்டு. அது ஒரு வைரஸ். மனிதரைத் தொடாது. பாக்டீரியாவுக்குள் புகுந்து, உள்ளேயே பெருகி, அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும். ஒரே சிக்கல், ஒவ்வொரு வைரஸும் ஆள் பார்த்துத்தான் புகும். இவன் ஆகும், இவன் அண்ணன் ஆகமாட்டான் என்று பிகு செய்யும். உன் கிருமியைத் தட்டில் வளர்த்தால் பாலாடை மாதிரி படரும். அதன்மேல் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கும் வைரஸ்களை ஒவ்வொன்றாகச் சொட்டு விடுவேன். எது தின்கிறதோ அங்கே ஆடை கரைந்து ஓட்டை விழும். அந்த ஓட்டையைப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

வேளைக்குச் சாப்பிடு. நர்ஸ்களிடம் வாயாடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

லிஃப்ட்காரன் எழுதுவது. நலம். நலமில்லாததையெல்லாம் பாட்டிலில் அடைத்து உனக்கு அனுப்பியாகிவிட்டது. சின்ன வயதில் என் சளியைத் துடைத்தாய், இப்போது சீழ். என்னிடமிருந்து உனக்கு நல்ல சாமான் எதுவும் வந்ததே இல்லை.

ஆறாத காயக்காரர்கள் ஆணும் பெண்ணுமாக ஒரே அறையில், ஐந்து கட்டில். என்னுடையது கடைசி, வாசலை ஒட்டி. எதிரே ஆஸ்பத்திரி லிஃப்ட். கடவுள் என்னை எங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார் பார்! அது எங்கள் மாடியில் ஒரு விரல் கனம் தாழ்ந்து நிற்கிறது. ஒவ்வொரு சக்கர நாற்காலியும் விளிம்பில் தடுக்கி, உட்கார்ந்திருப்பவர் 'அம்மா' என்கிறார். எனக்குப் பல் கூசுகிறது. என்னை மேலே மோட்டார் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் போதும், அரை மணி வேலை.

முதல் கட்டில் ஜன்னலோரம். அங்கே ஒரு தையல்காரம்மா. வயிற்றில் ஆபரேஷன் செய்த காயம் ஆறாமல் கிடக்கிறார். எங்களுக்குள் ஜன்னல் சண்டை. "மூடுங்கம்மா, குளிருது" என்றேன். "காத்தே இல்லாத பெட்டிக்குள்ள குடித்தனம் நடத்தினவருக்கு ஜன்னலைப் பத்தி என்ன தெரியும்?" என்கிறார். பிறகுதான் விஷயம் புரிந்தது. சின்னப் பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள். சாயங்காலம் அவர் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கீழே தெருவில் நிற்கிறார். இவர் ஒரு சிவப்புத் துணியை ஜன்னலில் ஆட்டுகிறார். அந்தக் குட்டி கீழே குதித்துக் கத்தும் சத்தம் என் கட்டில் வரைக்கும் கேட்கிறது. அதற்குப் பிறகு நான் போர்வையை இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அவர் கேட்டார், "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" சொன்னேன். மேலே போய்க் கையால் மெல்ல நகர்த்துவோம். ஆள் போகவேண்டிய மாடிக்குக் கொண்டுபோக முடியாது, எந்த மாடி பக்கமோ அந்த மாடிக்குத்தான். கதவைத் திறந்து உள்ளே இருப்பவரை வெளியே எடுத்த பிறகுதான் மெக்கானிக் இறங்குவான். "பெரிய தியாகிதான்" என்று சிரித்தார். தியாகமா? கம்பெனி விதி!

ஓட்டை விழுந்ததா?

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன், பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஓட்டை விழவில்லை. குளிர்பெட்டியில் இருந்த ஒன்றுகூட உன் கிருமியைத் தொடவில்லை. அது மேலெல்லாம் கோந்து பூசிக்கொண்டிருக்கிறது. கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூல் நூலாக இழுபடுகிறது. இத்தனை கோந்தோடு நான் பார்த்ததில்லை. உன்னிடமிருந்து வந்ததுதான் என்று சீட்டே பார்க்காமல் சொல்லலாம், அவ்வளவு பிடிவாதம்.

பயப்படாதே. கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியே தேடுவோம். பாக்டீரியா எங்கே அதிகமோ அங்கே அதன் எமனும் இருக்கும். அப்படியென்றால் சாக்கடை. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் பின்பக்கமெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. பாட்டில்களோடு பஸ் ஏறினால் என்னைச் சுற்றி இரண்டு வரிசை காலியாகிவிடுகிறது. ராணி மாதிரி உட்கார்ந்து வருகிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரிச் சாக்கடையிலும் ஒரு பாட்டில் வேண்டும். தலைவர் அங்கிருந்தே வரவழைக்கச் சொன்னார். மற்றவர்கள் எடுத்தால் மேலாகத் தண்ணீரை மொண்டு அனுப்புவார்கள், எங்கே கை விட வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும், நானே போய் எடுக்கிறேன் என்றேன். உண்மையில் அது சாக்கு. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அடுத்த வாரம் வரட்டுமா?

காய்ச்சல் எப்படி? மறைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வராதே. நீ இங்கே வந்து என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே சாக்கடையை யார் மோந்து பார்ப்பது? எங்கள் சாக்கடை எங்கேயும் ஓடிப்போகாது. நான் எழுந்து நடந்ததும் நானே உன்னை அதன் கரைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிறேன்.

இந்த வாரம் மூக்குக்கண்ணாடி டாக்டர் என் நெஞ்சை ஏதோ படம் எடுத்தார். வழக்கமாக எடுப்பதுதானாம். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். லிஃப்டைப் பற்றித்தான் பேசினோம்.

ஒரு காரியம் கேட்கிறேன், எரிந்து விழாதே. தையல்காரம்மாவுக்கும் மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டது. என்னுடையதைப் போல ஏதோ ஒரு சனியன்தான். இரண்டு நாளாகத் துணியை ஆட்டக் கை தூக்க முடியவில்லை. கீழே குட்டி கத்திவிட்டுப் போய்விட்டது. நீ சரி என்றால் பாட்டில் அனுப்புகிறேன் என்கிறார் டாக்டர். எனக்குத் தேடுகிற கையோடு அவருக்கும் கொஞ்சம் தேடிப் பார்க்கிறாயா?

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

முடியாது.

நலம் விசாரிக்கக்கூட மனம் வரவில்லை, அவ்வளவு கோபம். 'கொஞ்சம் தேடு' என்கிறாய். உன்னுடையதோடு மல்லுக்கட்டவே எனக்கு இரண்டு கை போதவில்லை. அவர் கிருமி வேறு, அதற்குத் தனித் தட்டு, தனித் தேடல். இங்கே இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். அவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் உன்னிடமிருந்து பிடுங்கியது.

அந்தக் குழந்தை கத்திவிட்டுப் போனது என் காதிலும்தான் விழுகிறது. ஆனால் முதலில் நீ. நீ எழுந்து நடந்த மறுநாளே அவருக்குத் தேடுகிறேன், சத்தியம். அதுவரை வேறு எந்தப் பாட்டிலையும் நான் திறக்கமாட்டேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். ஊரார் நலத்தைப் பார்க்க ஊரில் யாராவது இருப்பார்கள்.

படம் எடுத்ததில் என்ன தெரிந்தது? அதை எழுதாமல் லிஃப்ட் கதை எழுதியிருக்கிறாய். எனக்கே காது குத்தாதே.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. கோபமில்லை. நீ சொல்வது சரிதான். படத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

ஒரு செய்தி. கட்டில் மாற்றிவிட்டார்கள். தையல்காரம்மாவை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள், ஜன்னலோரம் எனக்கு வந்தது. இனி என் எண் 1. டாக்டர் புதிதாகச் சீழ் எடுத்து அனுப்புகிறார். இத்தனை நாளில் கிருமி மாறியிருக்குமாம். பழையதை மூட்டை கட்டி வை. இனிமேல் இதில் தேடு. சீக்கிரம் தேடு, அக்கா.

இங்கே வெளிச்சம் நன்றாக வருகிறது. சாயங்காலம் தெரு முழுக்கத் தெரியும்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு என்னைத் திட்டாதே. ஊசி குத்திய கை.

தம்பி


ஏப்ரல் 26

என் கண்ணுக்கு,

கிடைத்துவிட்டது! என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை, ஆனால் கிடைத்துவிட்டது. காலையில் மூடியைத் திறந்தால், பாலாடை நடுவே ஊசிமுனை அளவில் தொடங்கி மொச்சைக்கொட்டை அளவு வரை ஓட்டை ஓட்டையாக. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுதேன். தலைவர் வந்து தட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தார், கீழே போட்டுவிடுவேன் என்று பயம். பழைய சந்தைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் இருந்தவன். அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

டாக்டர் சொன்னது சரி, உன் கிருமி ரொம்பத்தான் மாறியிருந்தது. இனம் அதேதான். ஆனால் கோந்து இல்லை. கம்பியால் தொட்டால் நூல் இழுபடவில்லை. சில சமயம் அது கோந்தைக் கழற்றிப் போட்டுவிடும், எங்கள் தொழிலில் பார்க்காததல்ல. இருந்தாலும் தலைவர், "ரெண்டு பாட்டிலும் ஒரே ஆளோடதுதானான்னு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாத்துடேன்" என்றார். அதற்கு ஒரு வாரம் போகும். "என் தம்பியை எனக்குத் தெரியாதா சார்" என்று சொல்லிவிட்டேன்.

வைரஸை வடிகட்டிச் சுத்தம் செய்து மருந்துக் குப்பிகளில் அனுப்புகிறேன். அனுமதிக் காகிதங்களை உன் டாக்டர் அங்கேயே முடித்துவிட்டார், எங்கள் தலைவர் வழக்கம்போல் எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டார். குழாய் வழியாகக் காயத்துக்குள் விடுவார்கள், ஊசியிலும் கொஞ்சம் போகும். முதல் நாள் காய்ச்சல் சற்று ஏறும், பயப்படாதே. அது சாகிற பாக்டீரியாவின் கூச்சல்.

பிழைத்துவிட்டாய், தம்பி. பிழைத்துவிட்டாய்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்கப்போவதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

குப்பிகள் வந்த அன்றே தொடங்கினார்கள். முதல் நாள் நீ சொன்னபடியே காய்ச்சல் தூக்கியடித்தது. பிறகு இறங்கியது, இறங்கினது இறங்கினதுதான். காயத்தில் நாற்றம் போய்விட்டது. அடியிலிருந்து ரோஜா நிறத்தில் புதுச் சதை வருகிறது. நர்ஸ் கட்டு மாற்றும்போது மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டுகிறார், கண்காட்சி மாதிரி. பசி வந்துவிட்டது. நேற்று ரொட்டி பத்தவில்லை என்று இங்கே ஒரே ரகளை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் எத்தனையோ பேரை லிஃப்டிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன். கதவு திறந்து வெளிச்சம் பட்டதும் அவர்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை இந்த வாரம் இந்த அறையில் பார்த்தேன். உன் கையால் நடந்தது. நீ என் அக்கா என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

களைப்பாக இருக்கிறது. மீதி பிறகு.

தம்பி


மே 19

என் கண்ணுக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய். டாக்டர் அனுப்பிய குறிப்பிலும் 'கட்டில் 1, காயம் ஆறுகிறது' என்று இருந்தது. அதைத் தலைவர் சத்தமாகப் படித்தார், எல்லாரும் கை தட்டினார்கள். உன் கடிதத்தில் அந்த முகம் பற்றி எழுதியிருந்தாயே, கண்ணாடியில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டாயா, பைத்தியம்?

ஆனால் எழுத்து ஏன் இன்னும் இப்படி நடுங்குகிறது? கால் ஊன்ற விடுகிறார்களா? தகட்டை எடுப்பார்களா, விடுவார்களா? காயம் காயம் என்று எழுதுகிறாய், காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இனி என்னால் இருக்க முடியாது. ஜூன் முதல் வாரம் வருகிறேன். தையல்காரம்மா எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்டு வை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், அவருக்கும் பாட்டில் அனுப்பச் சொல்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கை ஓய்ந்திருப்பதால் நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார். கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கிறது என்று பொறாமைப்படாதே.

இன்று ஜன்னலோரத்திலிருந்து வாசல் வரை நடை. யாரும் பிடிக்கவில்லை. வழியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். வாசலுக்கு வந்து எதிரே லிஃப்ட் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பியாயிற்று.

லிஃப்ட் இப்போது தடுக்குவதில்லை. இங்கே மின்சார வேலை பார்ப்பவர் தினமும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக் கேட்டு, மேலே போய்ச் சரி செய்தார். தரையும் லிஃப்டும் ஒரே மட்டம். தண்ணீர் ஊற்றினால் நேராக ஓடும்.

ஜூன் முதல் வாரம் வேண்டாம். மாசக் கடைசியில் வா. அதற்குள் ரயிலடிக்கு நானே வந்து உன் பெட்டியை வாங்கிக்கொள்கிறேன். தகட்டைப் பற்றி டாக்டர் எழுதுவார். தையல்காரம்மா நன்றாக ஆகிவிட்டார், அவருக்கு இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. சாக்கடைப் பாட்டிலையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே.

தம்பி


ஜூலை 8

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தையல்காரி எழுதுகிறேன். உங்களை அக்கா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. உங்கள் தம்பி 'அக்கா, அக்கா' என்று பேசியே எனக்கு அது வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

டாக்டர் போன் செய்து நீங்கள் வந்த அன்று, நேரே ஜன்னலுக்கு வந்தீர்கள். வாசலை ஒட்டிய கட்டிலைத் தாண்டித்தான் வந்தீர்கள். அதில் படுத்திருந்தவரைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது, அப்படி இளைத்திருந்தார். என்னிடம் வந்து, "இது என் தம்பி கட்டிலாச்சே, அவன் எங்கே?" என்று கேட்டீர்கள். வாசல் பக்கம் கையைக் காட்டினேன். அந்தக் கை இன்னும் எனக்கு எரிகிறது அக்கா.

மறுநாள் காலை வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் கண் திறக்காமலே போய்விட்டார். அவரை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. மார்ச்சில் எடுத்த படத்தில் கிருமி இதயத்துக்குப் போய்விட்டது தெரிந்தது. ஆபரேஷன் தாங்காது, இனி வைரஸ் வந்தாலும் அங்கே எட்டாது என்று டாக்டர் அவரிடம் உடைத்துச் சொன்னார். ஏப்ரலில் அனுப்பிய பாட்டில் என்னுடையது. கட்டில் மாறவே இல்லை. நான் ஒன்று, அவர் ஐந்து, கடைசி வரைக்கும். டாக்டர் காகிதங்களை என் பெயரில் முறையாகத்தான் போட்டார். உங்கள் ஆய்வகத்துக்கு வந்தது எண் மட்டும். "அக்காவுக்கு எல்லாம் எழுதிட்டேன், சரின்னுட்டா" என்று உங்கள் தம்பி சொன்னதை டாக்டரும் நம்பினார், நானும் நம்பினேன்.

எனக்குத் தெரிந்தது ஜூன் மாதம்தான். கை எழும்பாமல் என்னைக் கூப்பிட்டார். அன்றுதான் நான் முதன்முதலாக அவர் கட்டில் வரைக்கும் நடந்தேன். "நான் சொல்றதை எழுதும்மா" என்றார். எழுத எழுத, நான் நடந்ததை அவர் நடந்ததாகச் சொல்கிறார்! பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "இது பாவம், நான் எழுதமாட்டேன்" என்றேன். அவர் சொன்னார், "நின்னுபோன லிஃப்டுல எந்த மாடி பக்கமோ அங்கதான் இறக்க முடியும். நீங்க பக்கத்துல இருந்தீங்க, அவ்வளவுதான்." பிறகு, "அவ அழுதுகிட்டே வேலை செஞ்சா கை தவறும். இன்னும் எத்தனை பேருக்குத் தேடணும் அவ" என்றார்.

பேனாவை எடுத்து எழுதினேன். கடைசியில் ஒரு வரி நானாக எழுதியிருக்கலாம், 'உடனே வாருங்கள்' என்று. எழுதவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு காரணம். நீங்கள் வந்தால் என்னைப் பார்ப்பீர்களே என்று பயந்தது இன்னொன்று.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி


செப்டம்பர் 21

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதை நீங்கள் படிக்கக்கூடாது. இரண்டாவதில் உங்களை மன்னித்திருந்தேன், அது பொய். மூன்றாவதில் அவனைத் திட்டியிருந்தேன், அதைப் படிக்க அவன் இல்லை.

உறையைப் பார்த்ததுமே யார் கடிதம் என்று தெரிந்துவிட்டது. அந்த 'நர்ஸம்மா'வின் கையெழுத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கியவள் நான்.

எனக்கு வைரஸ் எட்டாததைப் பற்றிச் சண்டை இல்லை. அது எட்டாது என்று எனக்கே தெரியும், அந்தப் படிப்புதான் படித்திருக்கிறேன். எனக்குச் சண்டை, என்னை வரவிடவில்லையே என்பதுதான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை அவனோடு உட்கார்ந்திருக்கலாம். தலையைக் கோதியிருக்கலாம். அவன் உயிரோடு இருந்தபோது நான் பார்த்ததெல்லாம் உங்கள் கிருமியை. அதைத்தான் 'என் கண்ணே' என்று கொஞ்சியிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுடையது அல்ல என்று தட்டு எனக்குச் சொன்னது. பத்து வருஷமாகத் தட்டு சொல்வதைத்தான் நம்பினேன். அன்று மட்டும் தம்பி சொன்னதை நம்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவனை எடுத்துப்போன அன்று லிஃப்டில் நானும் கூட வந்தேன். தள்ளுவண்டி விளிம்பில் தடுக்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. கீழே வண்டி வரத் தாமதமானது. என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போய், கைப்பையில் எப்போதும் இருக்கும் பாட்டிலில் அந்தச் சாக்கடைத் தண்ணீரை நிறைத்துக்கொண்டேன். பழக்கம். அழுதுகொண்டே மொண்டேன்.

'கட்டில் 5' எங்கள் குளிர்பெட்டியில் இன்னும் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னார் தலைவர், நான் விடவில்லை. போன வாரம் அதைத் தட்டில் வளர்த்தேன். அதே கோந்து, அதே நூல், அதே பிடிவாதம். அதன்மேல் அந்தத் தண்ணீரைச் சொட்டு விட்டேன். மறுநாள் ஓட்டை விழுந்திருந்தது. பெரிது பெரிதாக, தட்டின் அடி தெரிகிற அளவுக்கு. அவன் கட்டிலுக்கு நேர் கீழே, மூன்று மாடி இறங்கினால் எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. பிப்ரவரியில் அதை நான் மொண்டிருந்தால், என்று தொடங்கும் வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அந்த வைரஸைச் சேமித்துவிட்டேன். அவனுக்கு வந்தது போல் இன்னொருவருக்கு வந்தால் அன்றே அனுப்பலாம். தேட வேண்டியதில்லை.

உங்களை இப்போது பார்க்க வரமாட்டேன். பார்த்தால், அவன் நிற்கவேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பதாகத் தோன்றும். அது உங்கள் தப்பு இல்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அவன் கடைசியாக அனுப்பிய கடிதங்களில் இருந்த காய்ச்சல் இறங்கியது, சதை வளர்ந்தது, ரொட்டிக்குச் சண்டை போட்டது, வாசல் வரை நடந்தது எல்லாம் உங்களுடையவை. அவற்றைப் படித்துத்தான் நான் அந்த மாதங்களில் உயிரோடு இருந்தேன். அது திடீரென்று நின்றுபோனதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் எனக்கு எழுதுங்கள். காயத்தின் தழும்பு எப்படி இருக்கிறது, மறுபடி மிஷின் மிதிக்கிறீர்களா, குட்டி பள்ளிக்கூடம் போகிறாளா, எல்லாம் எழுதுங்கள். அந்த ஜூன் கடிதத்தில் 'நான் நலம்' என்று உங்கள் கையாலேயே எழுதியிருந்தீர்கள். எழுதிய கைக்கு அது உண்மைதான். அதையே முதல் வரியாகப் போட்டுத் தொடங்குங்கள்.

நலமில்லாத நாளில் நலமில்லை என்றே எழுதுங்கள். நான் உடனே கிளம்பி வருவேன்.

அக்கா